முதுகைக் காட்டு

வாயால் சொல்கிற எதையும் மேஸ்திரி நம்பியதில்லை. காகிதத்தில் எழுதியதை அதைவிடவும் நம்பியதில்லை. சரக்குக் கிடங்கில் ஆள் எடுக்கும் பொறுப்பு அவர் கையில் இருந்த காலமெல்லாம், வேலை கேட்டு வந்து நின்றவனிடம் பேர் என்ன, ஊர் எது, முன்னே எங்கே வேலை பார்த்தாய் என்றெல்லாம் அவர் விசாரித்தது கிடையாது.

"சட்டையைக் கழட்டு. முதுகைக் காட்டு" என்பார்.

மூட்டை சுமந்தவன் முதுகு தனி. கழுத்துக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, மூட்டை உட்காருகிற இடத்தில் தோல் தடித்துக் காய்ப்புக் காய்த்திருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். மனசுக்குச் சரி என்று பட்டால் உள்ளங்கையால் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். சரியில்லை என்றால் அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் அவனுக்குப் பின்னால் நிற்கிற வரிசையைப் பார்த்து, "அடுத்தவன்!" என்பார். ஒருத்தன் பெரிய இடத்துச் சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தான். வெயில் நேரம். மேஸ்திரி கடிதத்தை வாங்கி முகத்துக்கு விசிறிக்கொண்டே, "அடுத்தவன்!" என்றார். இன்னொருத்தன் செங்கல்லால் தேய்த்துத் தேய்த்து முதுகைப் புண்ணாக்கிக்கொண்டு வந்து நின்றான். கிடங்கு ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டி, சிரிக்கவிட்டு அவனை அனுப்பினார். அந்தக் கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். கேட்கிறவர்கள்தான் குறைந்துபோனார்கள்.

மேஸ்திரியின் கண்ணுக்கு உலகத்தில் உருப்படியான ஆள் என்று யாரும் தென்பட்டதில்லை. அந்தக் குணம்தான் அவரைப் படுக்கையில் தள்ளியது. ஒருநாள் கிடங்கில் மூட்டை அடுக்குச் சாய்வதைப் பார்த்து, புதிதாக வந்த ஒரு சுமைக்காரன், "மேஸ்திரி, தள்ளி நில்லுங்க, அடுக்கு சாயுது!" என்று கத்தினான். "நேத்து வந்தவன் எனக்குச் சொல்றியா?" என்று அவன் பக்கம் திரும்பி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அடுக்குக்கு மேஸ்திரி யார், சுமைக்காரன் யார் என்று தெரியுமா? விழுந்தது. அன்றோடு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

அதிலிருந்து மாடி வீட்டின் முன்னறையில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில் கிடக்கிறார். ஜன்னலுக்கு வெளியே தெரு, தெருவுக்கு அப்பால் கிடங்கின் வாசல். லாரி வந்து நின்றால் போதும், இங்கிருந்தே வைவார். "டேய், கால்ல கஞ்சியா ஊத்தியிருக்கு? தூக்குடா!" கீழே இருப்பவர்களில் பாதிப்பேருக்கு அவர் யாரென்றே தெரியாது. எதிர் மாடியிலிருந்து கிழவன் ஒருத்தன் கத்துவான் என்று புதிதாகச் சேர்கிறவனிடம் சொல்லி வைத்துவிடுவார்கள்.

வீட்டில் அவர் வைவதற்கு இரண்டு பேர். ஒன்று மகன். அவனுக்கு மேஸ்திரி வைத்த பேர் யோசனை. எந்நேரமும் ஏதாவது ஒரு தொழிலைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பான். கடைசியாக யோசித்துத் திறந்தது செல்போன் பழுதுபார்க்கும் கடை. அதுவும் மூடியாயிற்று. இன்னொன்று மருமகள். அவளுக்கு மேஸ்திரி பேரும் வைக்கவில்லை. "இந்தா" என்பார், வந்துவிடுவாள்.

அன்றைக்குக் காலையிலும் வழக்கம்போல வந்தாள். கட்டிலின் ஓரத்தில் முழங்காலை ஊன்றி, அவர் கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒரு இழுப்பில் அவரைப் பக்கவாட்டில் புரட்டினாள். முழங்கால்களுக்கு நடுவே தலையணையைச் செருகினாள். கணுக்காலுக்கு அடியில் துணிச்சுருளை வைத்துக் குதிகால் மெத்தையில் படாதபடி தூக்கி நிறுத்தினாள். விரிப்பின் நாலு மூலையையும் இழுத்துச் செருகி, சுருக்கம் ஏதாவது இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பிறகு வெந்நீரில் பிழிந்த துணியால் முதுகைத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, பவுடர் போட்டாள்.

"புரட்டிப் புரட்டிப் போடறதுக்கு நான் என்ன கல்லுல போட்ட ரொட்டியா?"

"ரொட்டின்னா ஒரு தடவை புரட்டினாப் போதும் மாமா."

"வாயைப் பாரு. வேலை வெட்டி இல்லாதவ பூனையைச் செரைச்ச கதைதான். இப்பத்தானே புரட்டினே?"

"அது விடியக்காலைல."

அவர் வைது முடிப்பதற்குள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இது ஒன்றுதான் மேஸ்திரிக்குப் பொறுக்காது. வைதால் நின்று வாங்கிக்கொண்டு போக வேண்டாமா? கிடங்கில் அப்படித்தான் பழக்கம். ஆனால் அன்றைக்கு அவள் போகவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, புருஷனைப் பார்த்தாள். யோசனை தொண்டையைக் கனைத்தான்.

"அப்பா, இவளுக்கு ஒரு வேலை வந்திருக்கு."

"யாருக்கு?"

"இவளுக்குத்தான்ப்பா. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இல்லம் இருக்கில்ல, படுத்த படுக்கையா கெடக்கறவங்களை வெச்சுப் பாத்துக்கறது? அங்க ஆள் எடுக்கறாங்க. போன்ல விளம்பரம் போட்டிருக்காங்க."

"என்னென்ன தெரிஞ்சிருக்கணுமாம்? படி, கேப்போம்."

ஆள் எடுக்கிற பேச்சு என்றால் மேஸ்திரிக்குக் காது நிமிர்ந்துகொள்ளும். யோசனை போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு படித்தான்.

"'படுக்கை நோயாளிகளைப் பராமரித்ததில் முன் அனுபவம் வேண்டும்.'"

மேஸ்திரி சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "மாமனாருக்குக் கஞ்சி ஊத்தினதெல்லாம் அனுபவம்னா ஊர்ல இருக்கற பொம்பளைங்க அத்தனை பேரும் டாக்டர்தான்."

"இத்தனை வருஷமா உங்களைப் பாத்துக்கறாளேப்பா."

"நான் நோயாளியாடா? நோயா வந்துச்சு எனக்கு? அடுக்கு விழுந்துச்சு, இடுப்பு போச்சு. அதுக்குப் பேரு விபத்து. ஆக, இவ நோயாளின்னு ஒருத்தனைக் கண்ணால கண்டதில்ல. முதல் படியிலயே சறுக்கிட்டா. மேல படி."

"'நோயாளிகளைத் தூக்கி உட்கார வைக்கும் உடல் வலிமை.'"

"இந்த உடம்பா? காத்தடிச்சா ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கணும்."

"நேத்து உங்களைத் தூக்கி நாற்காலில உக்கார வெச்சது யாரு மாமா?" என்றாள் மருமகள்.

"நான் கையை ஊணி எம்பினேன். நீ சும்மா புடிச்சிட்டிருந்தே. மூட்டை தூக்கறவன் பக்கத்துல நின்னு 'ஏலேலோ' சொல்றவன் எல்லாம் சுமைக்காரன் ஆயிடுவானா? மேல படிடா."

"'பொறுமை, இனிய பேச்சு.'"

"இனிய பேச்சு! இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து என்ன பேசியிருக்கா? 'மாத்திரை', 'புரளுங்க', 'வாயைத் திறங்க'. மாட்டுக்காரன்கூட மாடுகிட்ட இதைவிட நாலு வார்த்தை அதிகமாப் பேசுவான். அப்புறம்?"

யோசனை படிக்கத் தயங்கினான். மருமகளே சொன்னாள். "முன்னாடி வேலை பாத்த இடத்துலேர்ந்து நல்லபடியா ஒரு சான்று வேணுமாம் மாமா."

"ஆங், அப்படிப் போடு! யாரு குடுப்பா உனக்கு?"

"நான் போன்ல கேட்டுட்டேன். வீட்டுல மாமனாரைத்தான் பாத்தேன், வேற எங்கயும் வேலை பாத்ததில்லன்னு உள்ளதைச் சொன்னேன். அப்படின்னா அவங்க மேட்ரனே நேர்ல வந்து விசாரிக்கறேன்னுட்டாங்க. நாளைக்கு வராங்க. உங்ககிட்டதான் பேசணுமாம்."

கீழே ஒரு லாரி பின்பக்கமாக வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. வழக்கமாக அதற்கு இரண்டு வசவாவது விழுந்திருக்கும். இன்றைக்கு விழவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து மறுபடியும் மேஸ்திரிக்கு முன்னால் ஒரு ஆள் வரிசையில் வந்து நிற்கிறது. எடுப்பதா, அடுத்தவன் என்பதா என்று அவர் வாயால் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மேஸ்திரிக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி பரவியது.

"வரட்டும். நல்லா சொல்றேன்" என்றார்.

அவர் எப்படி நல்லாச் சொல்வார் என்பது வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியும். கடை மூடிய நாளிலிருந்து அந்த வீட்டில் சம்பாத்தியம் என்று ஒன்று இல்லை. வீட்டுக்காரர் மாடி ஏறி வந்து, வெயிலைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசுவதுபோல வீட்டைக் காலி பண்ணுவதைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார். இந்த வேலை கிடைத்தால் வீடு நிற்கும். கிடைக்காவிட்டால் அவள் அண்ணன் வீட்டுப் பின்கட்டுக்குப் போய் மூன்று பேரும் ஒண்ட வேண்டியதுதான். அந்த அண்ணனையும் மேஸ்திரி ஒருகாலத்தில் முதுகைக் காட்டச் சொல்லி, அடுத்தவன் என்று அனுப்பியவர்தான்.

மத்தியானம் கீழ்வீட்டுத் தையல்காரர் டீயோடு மேலே வந்தார். தினமும் வருவார். ஊரில் மேஸ்திரியின் வசவை விரும்பி வந்து கேட்டுக்கொள்கிற ஒரே ஜீவன். வெளியே காற்றே இல்லை. மழைக்கு முந்தின புழுக்கம். தையல்காரர் சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கேள்விப்பட்டேண்ணே. பொண்ணு வேலைக்குப் போகுதாமே?"

"போகுதா? யாரு விட்டா? நாளைக்கு ஒரே பேச்சுல முடிச்சிடறேன் பாரு."

"ஏண்ணே பாவம்? நல்லதா ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய்ல இருக்கற முத்தா உதிர்ந்துடும்?"

"எதைச் சொல்லணும்ங்கறே? என்ன பண்ணிட்டா பெருசா? சமைச்சா, தொவைச்சா, துடைச்சா. இதுக்கு ஒரு வேலை, அதுக்கு ஒரு சம்பளம். உலகம் கெட்டுப்போச்சுடா தையலு."

தையல்காரர் டீயை ஆற்றிக்கொண்டே மெல்ல இழுத்தார். "எடைமேடைக்காரரை நெனச்சுப் பாருங்கண்ணே."

எடைமேடைக்காரர் கிடங்கு வாசலில் லாரிகளை எடை போட்டவர். மேஸ்திரிக்கு முன்னால் அவர் படுத்தார். மூன்று பிள்ளை, இரண்டு மருமகள் உள்ள வீடு. படுத்த கொஞ்ச காலத்திலேயே முதுகிலும் இடுப்பிலும் புண் வந்து, புண் குழியாகி, அந்த வீட்டு வாசலில் ஆள் நிற்க முடியாமல் ஆயிற்று. பார்க்கப் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். அவர் செத்தபோது அழுதவர்களைவிட நிம்மதியாக மூச்சு விட்டவர்கள்தான் அதிகம்.

"அவன் உடம்பு அப்படி" என்றார் மேஸ்திரி. "நாற்காலில உக்காந்து வளத்த உடம்பு. புளிச்ச மாவு. எனக்கு இரும்பு உடம்புடா. வெயில்லயும் மழையிலயும் நின்னு வளந்தது. இத்தனை வருஷம் படுத்திருக்கேனே, எனக்கு எங்கயாச்சும் ஒரு புண்ணு உண்டா?"

"இல்லதான்" என்றார் தையல்காரர். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஒரு வாய் டீயை உறிஞ்சிவிட்டு, "பொண்ணு போயிடுச்சுன்னா உங்களை யாருண்ணே பாத்துப்பா?" என்று கேட்டார்.

"என் புள்ளை பாத்துப்பான்."

"யாரு, நம்ம யோசனையா?" தையல்காரருக்குப் புரை ஏறிவிட்டது.

மேஸ்திரியும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. பயம் என்று யாராவது சொன்னால் கையில் கிடைத்ததை எடுத்து எறிவார். பயம்தான். அந்தப் பெண் வாளியை எடுத்துக்கொண்டு அறையை விட்டுப் போனால் திரும்பி வருகிறவரைக்கும் காது அந்தப் பக்கமே இருக்கும். அதை அவர் தனக்கே ஒத்துக்கொண்டதில்லை. மற்றவர்களுக்கா ஒத்துக்கொள்வார்?

சாயங்காலம் கஞ்சி கொடுக்கும்போது அவள் கேட்டாள். "மாமா, நாளைக்கு என்னைப் பத்தி நல்லதாச் சொல்லுங்கன்னு நான் கேக்கலை. பொய் மட்டும் சொல்லாதீங்க."

"ஆள் விஷயத்துல நான் பொய் சொன்னதே இல்லடி. என் கிடங்குல போய்க் கேட்டுப் பாரு."

"அது போதும்" என்று சொல்லி அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

மேட்ரன் வந்தபோது வானம் இருட்டிக்கொண்டு நின்றது. கனத்த உடம்பு. மாடிப்படியில் வரும்போதே அந்த அம்மாளின் மூச்சு முதலில் வந்தது, குடை அடுத்து வந்தது, ஆள் கடைசியில் வந்தாள். வந்தவள் வணக்கம் சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குக் கிட்டே போட்டு உட்கார்ந்தாள். மூக்கால் ஒருதரம் இழுத்து அறையை மோந்து பார்த்தாள். மேஸ்திரியின் முகத்தை அவ்வளவாகப் பார்க்கவில்லை. விரிப்பைப் பார்த்தாள், துணிச்சுருளின் மேல் இருந்த கால்களைப் பார்த்தாள், குடிதண்ணீர்ச் சொம்பைப் பார்த்தாள். மகனும் மருமகளும் சுவரோரமாக நின்றார்கள். தையல்காரர் கத்தரிக்கோலைத் தேடுகிற சாக்கில் மேலே வந்து வாசற்படியில் நின்றுகொண்டார்.

"ஐயா, இவங்க உங்களை எப்படிப் பாத்துக்கறாங்க? மனசுல உள்ளதைச் சொல்லலாம்" என்றாள் மேட்ரன்.

மேஸ்திரி ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். மடை திறந்துவிட்டது.

"எப்படிப் பாத்துக்கறாளா? தூங்க விடமாட்டாம்மா. கண்ணை மூடினாப் போதும், வந்து புரட்டிப் போட்டுடுவா. பகல்னு இல்ல, ராத்திரின்னு இல்ல. புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போட்டுட்டிருப்பாங்க. நடுவுல விட்டுட்டு வந்து என்னைப் புரட்டுவா, திரும்பிப் போய் விட்ட எடத்துலேர்ந்து சண்டையைப் புடிப்பா. அப்படி ஒரு கிறுக்கு."

"சரி. சாப்பாடு?"

"உப்பு கெடையாது, உறைப்பு கெடையாது. கேட்டா டாக்டர் சொன்னாரும்பா. டாக்டர் என்னிக்கோ சொன்னது, அவருக்கே மறந்திருக்கும். இவ மறக்கமாட்டா. அப்புறம் தண்ணி. குடிங்க, குடிங்கன்னு சொம்பை மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டே நிப்பா. ஒரு வாய் குடிக்கறவரைக்கும் நகரமாட்டா."

"கோவப்படுவாங்களா?"

"பட்டாத்தான் தேவலையே! ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கி அடிச்சேன். சுவத்தைத் துடைச்சா. போய் வேற கஞ்சி கொண்டாந்தா. மனுஷின்னா திருப்பி ரெண்டு வார்த்தை ஏச வேணாம்? மரக்கட்டைம்மா, மரக்கட்டை!"

மேட்ரன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டல் மேஸ்திரிக்குப் பிடிபடவில்லை. இத்தனை குறை சொன்னால் முகம் சுளிக்க வேண்டாமா? இந்த அம்மா என்னடா என்றால் கேட்கக் கேட்கத் தெளிந்துகொண்டே போகிறாள். சரி, இவளுக்குச் சுற்றி வளைத்துச் சொன்னால் ஏறாது என்று அவர் கடைசி அடியை எடுத்தார்.

"சான்று வேணும்னு கேட்டீங்களாமே? காகிதத்தை நம்பறவங்களா நீங்க? நான் இந்தக் கிடங்குல எத்தனையோ பேரை எடுத்தவன். ஒருத்தன்கிட்டயும் காகிதம் கேட்டதில்ல. முதுகைக் காட்டுன்னுதான் சொல்லுவேன். வேலை செஞ்சவனுக்கு முதுகுல இருக்கும் சான்று. இவகிட்ட என்ன இருக்கு? கைல ஒரு காய்ப்பு உண்டா? தோள்ல ஒரு தடிப்பு உண்டா? எங்க, காட்டச் சொல்லுங்க பாப்போம்!"

மேட்ரன் முதன்முதலாக அவரை முழுசாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நல்ல கனத்த சிரிப்பு.

"ஐயா, நீங்க நம்ம கட்சி. நானும் முதுகைப் பாத்துத்தான் ஆள் எடுப்பேன்" என்று புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "காட்டுங்க."

"அவளை இல்ல கேக்கணும்?"

"அவங்க முதுகை வெச்சு நான் என்ன பண்ண? உங்க முதுகைக் காட்டுங்க."

மருமகள் உதவிக்கு வந்தாள். மேட்ரன் கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு, ஒரே புரட்டில் மேஸ்திரியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். சட்டையை மேலே ஏற்றினாள், வேட்டியைக் கொஞ்சம் இறக்கினாள். மேஸ்திரியின் கண்ணுக்கு முன்னால் சுண்ணாம்பு உரிந்த சுவர்தான் இருந்தது. ஆயுசெல்லாம் அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் நின்ற மனிதன். இப்போது அவர் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். என்ன பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு கட்டைவிரல் அவர் தோள்பட்டைக்குக் கீழே அழுத்தியது. அப்புறம் இன்னும் கீழே. அதற்கும் கீழே அழுத்தியதா இல்லையா என்று சொல்ல அவருக்கு உணர்ச்சி இல்லை. வேலை கேட்டு வந்தவனுக்கு அந்த நேரம் எப்படி இருந்திருக்கும் என்று முதன்முதலாக அவருக்குத் தெரிந்தது. சீ, என்று இருந்தது.

"தம்பி, இங்க வாங்க. நீங்களும் பாருங்க" என்று மேட்ரன் யோசனையைக் கூப்பிட்டாள். "இந்த வால் எலும்பு மேல பாருங்க. இடுப்பு எலும்பு ரெண்டையும் பாருங்க. குதிகாலைப் பாருங்க. படுத்த ஆளுக்கு இங்கதான் முதல்ல தோல் சிவக்கும். சிவந்ததை விட்டீங்கன்னா கறுக்கும், கறுத்தா குழி விழும். எங்க இல்லத்துல மாத்தி மாத்தி ஆள் போட்டுப் பாக்கறோம். இப்படி ஒரு முதுகு எங்ககிட்ட இல்ல."

"என் உடம்பு அப்படி" என்றார் மேஸ்திரி சுவரிடம். "இரும்பு உடம்பு."

"இரும்புதான் ஐயா துருப்பிடிக்கும். படுத்துட்டா எல்லா உடம்பும் ஒரே உடம்புதான். ராஜாவா இருந்தாலும் அழுகும். இது உங்க உடம்போட சாமர்த்தியம் இல்ல, இவங்க கைவேலை." அந்த அம்மாள் அவருடைய வலது கையைப் பிடித்துப் பின்னால் வளைத்து, அவருடைய இடுப்பின் மேலேயே வைத்தாள். "தொட்டுப் பாருங்க. மேஸ்திரி இல்லையா நீங்க? தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் அவர் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தது கிடையாது. செத்த இடம் என்று விட்டுவிட்டார். இடுப்புக்குக் கை பட்டது தெரியவில்லை. கைக்கு இடுப்பு தெரிந்தது. ஈரம் இல்லாத, பவுடர் மணக்கிற, ஒரு கீறலும் இல்லாத தோல். அந்தக் கட்டைவிரல் எத்தனையோ ஆயிரம் பேரை எடை போட்ட விரல். அது பொய் சொல்லாது. எடைமேடைக்காரர் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. தானும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியது நினைவுக்கு வந்தது.

"இப்ப சொல்லுங்க" என்றாள் மேட்ரன். "உங்க வரிசையில வந்து நின்னா, இவங்களை எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

வெளியே முதல் தூறல் ஜன்னல் தகரத்தில் விழுந்தது. மேஸ்திரிக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் துடித்தது. மாட்டேன் என்றால் அவள் இங்கேயே இருப்பாள். வாளியை எடுத்துக்கொண்டு போனாலும் திரும்பி வருவாள். ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் ஆள் விஷயத்தில் அவர் பொய் சொன்னதில்லை என்று நேற்றுத்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார். சனியன், கேட்டது அவள்தான்.

"எடுத்துத் தொலைங்க" என்றார்.

"காது கேக்கலையே?"

"எடுப்பேன்! போதுமா? எடுப்பேன்னு சொன்னேன். சட்டையை இறக்கிவிடுங்க, குளிருது."

மேட்ரன் திங்கட்கிழமை காலையில் வந்துவிடும்படி சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். தையல்காரர் கத்தரிக்கோல் கிடைத்துவிட்டதாகச் சொல்லிக் கூடவே நழுவினார். சமையலறையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வெங்காயம் நறுக்கவில்லை என்று மேஸ்திரிக்கும் தெரியும்.

அடுத்து வந்த நாட்களில் அவர் அந்த வீட்டை ஒரு வழி பண்ணினார். கஞ்சி சுடுகிறது என்றார், ஆறிவிட்டது என்றார். தலையணையில் ஆணி இருக்கிறது என்றார். அவள் அத்தனைக்கும் நடுவே புருஷனைக் கட்டிலருகே நிறுத்திவைத்து, எங்கே பிடிக்க வேண்டும், எப்படி இழுக்க வேண்டும், எங்கே அழுத்திப் பார்க்க வேண்டும் என்று காட்டினாள். யோசனை எல்லாவற்றுக்கும் "புரியுது, புரியுது" என்றான். அவன் கடை திறந்தபோதும் அப்படித்தான் சொன்னான்.

திங்கட்கிழமை விடிந்தது. மழை விட்டுத் தெரு கழுவினாற்போல இருந்தது. அவள் தலையை வாரி, வெளியே போகிற புடவையைக் கட்டிக்கொண்டு, பையைக் கதவோரம் வைத்துவிட்டுக் கடைசியாக ஒருதரம் வந்தாள். முழங்காலை ஊன்றினாள். அவர் கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். புரட்டினாள், தலையணையைச் செருகினாள், விரிப்பை இழுத்துத் தடவினாள். நிமிரப் போனாள். சற்றுமுன் அவள் கழுத்தைச் சுற்றிக் கிடந்த அந்தக் கை சட்டென்று எழும்பி, அவள் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியது.

அவள் திடுக்கிட்டாள். "என்ன மாமா?"

"கொசு" என்றார் மேஸ்திரி. "போ. நேரமாச்சு. முதல் நாளே லேட்டாப் போனா எவனும் வெச்சுக்கமாட்டான்."

அவளுக்குக் கிடங்கு வழக்கம் தெரியாது. முதுகைத் தேய்த்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். யோசனைக்குத் தெரியும். சின்ன வயசில் கிடங்கு வாசலில் நின்று அந்தத் தட்டை எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். ஒருதரம்கூட அது அவன் முதுகில் விழுந்ததில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் மேஸ்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜன்னல் வழியாக அவள் தெருவைத் தாண்டி, கிடங்கு வாசலைத் தாண்டி, பாலத்துப் பக்கம் திரும்புகிறவரைக்கும் பார்த்தார். அப்புறம் தலையைத் திருப்பினார்.

"இங்க வாடா. என்ன நின்னுட்டு அழுவுற? இனிமே நீதானே என்னைப் பாத்துக்கப் போறே?"

"ஆமாப்பா."

"சட்டையைக் கழட்டு. முதுகைக் காட்டு."

யோசனை சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பிக் கட்டிலருகே குனிந்தான். மேஸ்திரி கட்டைவிரலை நீட்டி அழுத்திப் பார்த்தார். பிசைந்து வைத்த மாவு மாதிரி இருந்தது. வெயில் பட்ட அடையாளமே இல்லை. அவர் பழக்கத்தில் அவனைத் தாண்டிக் கதவுப் பக்கம் பார்த்து, "அடுத்தவன்!" என்றார்.

கதவு திறந்து கிடந்தது. படியில் யாரும் இல்லை.

யோசனை இன்னும் குனிந்தபடியே நின்றான். மேஸ்திரி கொஞ்ச நேரம் அந்தக் காலி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, வா" என்றார். "புரட்டு."